புது டிரெய்லருக்கு முதல் மாதம்தான் முக்கியம்

கேள்வி: ஐயா, தூத்துக்குடியில் இரண்டு பழைய டிரெய்லர் வைத்துத் தொழில் செய்கிறேன். இப்போது கடன் வாங்கி, நாமக்கல் பக்கம் ஒரு பட்டறையில் 40 அடி, மூன்று ஆக்சில் பிளாட்பார்ம் டிரெய்லர் புதிதாகக் கட்டி எடுத்திருக்கிறேன். துறைமுகத்திலிருந்து கண்டெய்னர், உர மூட்டை, சில நேரம் உப்பு. திரும்பும்போது கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பிளாக் ஏற்றுவோம். முந்தைய டிரெய்லர் ஐந்தாம் வருஷமே கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டது. இது பன்னிரண்டு வருஷமாவது உழைக்க வேண்டும். தெரிந்த வெல்டர் ஒருவர், "இப்பவே பீமுக்கு அடியில் ஒரு பட்டைத் தகடு வைத்துப் பற்ற வைத்துவிடலாம், அப்புறம் அசையாது" என்கிறார். செய்யலாமா? வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வண்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது, நாலு லோடு அடித்தாயிற்று. சீசன் இல்லாதபோது வாரக்கணக்கில் சும்மா நிற்கும். அப்போது என்ன செய்வது?

பதில்: வணக்கம் அண்ணாச்சி. வெல்டர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் பிறகு திருத்திக்கொள்ளலாம், இதைச் செய்துவிட்டால் திருத்த முடியாது. தகடு வேண்டாம். உங்கள் முந்தைய வண்டிக்கு வந்த நோயை நீங்களே புது வண்டிக்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.

காரணம் இதுதான். லோடு ஏறியதும் டிரெய்லரின் இரண்டு நீள பீமும் கொஞ்சம் கீழே வளையும். மேல் தகடு அமுங்கும், அடித் தகடு இழுபடும். விரிசல் பிறப்பது பெரும்பாலும் இழுபடும் அடித் தகட்டில்தான். அதிலும் நடுவில் சும்மா பிறக்காது. ஒரு பற்றவைப்பு எங்கே முடிகிறதோ, அந்த முனையில் பிறக்கும். நீங்கள் எவ்வளவு நீளமாகத் தகடு வைத்தாலும் அது எங்கேயாவது ஓர் இடத்தில் முடிந்துதானே ஆக வேண்டும்? அந்த முனையில் கெட்டியான பகுதியும் மெல்லிய பகுதியும் சட்டென்று சந்திக்கும், இழுவை முழுக்க அங்கே வந்து கூடும். இரண்டு வருஷத்தில் தகடு முடிந்த இடத்துக்கு ஒட்டினாற்போல பீம் அறுபட ஆரம்பிக்கும். பள்ளத்தில் ஒரு பக்கச் சக்கரம் இறங்கும்போது சேஸிஸ் லேசாக முறுகி மீண்டு வர வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முறுக விடாமல் ஓர் இடத்தை இறுக்கிப் பிடித்தால், அடுத்த இடம் அந்த வேலையையும் சேர்த்துச் சுமக்கும்.

கழுத்துப் பகுதியில் பீமின் உயரமே குறைகிறது. டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியின் பிப்த் வீல், அதாவது டிரெய்லரின் முன்பகுதியைத் தாங்கும் தட்டு, அதன்மேல் உட்கார வேண்டும் என்பதற்காக அங்கே அடித் தகடு மேல்நோக்கி வளைந்து போகிறது. கட்டும்போதே சிரமமான இடம் அது. நல்ல பட்டறைக்காரர்கள் அந்த வளைவைப் படிப்படியாகக் கொடுத்து, பற்றவைப்பின் முனைகளைத் தேய்த்து வழவழப்பாக்கி விடுவார்கள். உங்களுக்கு அந்த இடத்தில் சந்தேகம் இருந்தால், கட்டிய பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர்கள் வரைபடத்தை வைத்துச் சொல்லட்டும். வெளியில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

இதே கண்டிப்பைச் சின்ன வேலைகளுக்கும் வையுங்கள். டூல் பாக்ஸ் மாட்ட ஒரு ஆங்கிள், ஒயர் போக ஒரு கிளிப், கயிறு கட்ட ஒரு கொக்கி என்று அடித் தகட்டில் பொட்டு வைத்ததுபோல் ஒரு பற்றவைப்பு போட்டாலே போதும், விரிசலுக்கு அது ஆரம்பப் புள்ளி. மேல் தகட்டிலும் அடித் தகட்டிலும் துளை போடவே கூடாது. ஏதாவது மாட்டியே தீர வேண்டும் என்றால், பீமின் நட்டுக்குத்தாக நிற்கும் தகட்டின் நடு உயரத்தில், பட்டறையைக் கேட்டுவிட்டுத் துளை போட்டு போல்ட்டில் மாட்டுங்கள்.

என்றைக்காவது தவிர்க்க முடியாமல் வெல்டிங் வந்தால் மூன்று விஷயம். முன்வண்டியிலிருந்து எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பெட்டியின் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். எங்கோ சக்கரத்தில் மாட்டிவிட்டு கழுத்தில் பற்றவைத்தால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து உருளைகளில் பொடிப் பொடியாகக் குழி விழும். ஆறு மாதம் கழித்து, சக்கரத்தின் நடுக்குடமான ஹப் சூடாகும்போது யாருக்கும் காரணம் புரியாது. மூன்றாவது, ஸ்பிரிங் பட்டை மேல் ஒரு பொறிகூட விழக் கூடாது, நனைந்த சாக்கைப் போட்டு மூடுங்கள். பட்டை பதப்படுத்திய எஃகு. பொறி விழுந்த இடத்திலிருந்துதான் அது முறியும்.

சரி, இப்போது உங்கள் வண்டி மூன்று வாரம் ஓடிவிட்டது என்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

புது டிரெய்லரில் எல்லாப் பிடிமானமும் தளரும். பட்டறையின் குறை அல்ல, இரும்பின் குணம். ஹப்புக்கும் சக்கரத்தின் டிஸ்க்குக்கும் நடுவில் பெயிண்ட் இருக்கும், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவிலும் பெயிண்ட் இருக்கும். லோடு ஏறி ஓட ஓட அந்தப் பெயிண்ட் நசுங்கிப் போகும், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும். அந்த அளவுக்கு நட்டு தானாகவே லூசாகிவிடும். ஆகவே வீல் நட்டுகளை முதல் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை திரும்ப இறுக்கியிருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும், பஞ்சருக்குக் கழற்றினாலும்கூட, இதேதான் கணக்கு. டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். 22 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 600 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு, ஆனால் ஆக்சில் கம்பெனி புத்தகத்தில் போட்டிருப்பதே உங்களுக்கு விதி. ஸ்பானரில் நீளப் பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நின்று மிதிப்பது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் போல்ட் இழுபட்டு நீண்டுபோகும். இழுபட்ட போல்ட் பிடிக்காது, பிறகு நீங்கள் எத்தனை முறை இறுக்கினாலும் திரும்பத் திரும்பத் தளரும்.

ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்துப் பிடிக்கும் யு போல்ட் இதைவிட முக்கியம், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். முதல் லோடு அடித்ததும் இறுக்க வேண்டும், ஒரு மாதத்தில் மறுபடியும். லோடு மேலே இருக்கும்போது இறுக்குவது நல்லது, அப்போதுதான் பட்டைகள் முழுதாகப் படிந்திருக்கும். யு போல்ட் லூசாக ஓடினால் ஸ்பிரிங்கின் நடு போல்ட் முதலில் அறும். அப்புறம் ஆக்சில் நகரும். அல்லது மெயின் பட்டை நடுத் துளையில் குறுக்காக முறியும். பட்டை முறிந்தால் கடைக்காரர் "பட்டை மட்டம்" என்பார், ஆனால் நடுவில் முறிந்த பட்டைக்குப் பெரும்பாலும் காரணம் தளர்ந்த யு போல்ட்தான். ஒருமுறை கழற்றிய யு போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள்.

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாலே இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வீல் நட்டுக்கு அடியிலிருந்து துருநிறத்தில் ஒரு கோடு டிஸ்க்கில் இறங்கியிருந்தால் அந்த நட்டு அசைகிறது. ஸ்பிரிங் சீட்டின் ஓரத்தில் பெயிண்ட் தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தால் அங்கே ஆக்சில் உரசுகிறது. பீமின் பெயிண்டில் செம்மண் நிறத்தில் மயிரிழை ஓடினால், அது பெயிண்ட் வெடிப்பு என்று விட்டுவிடாதீர்கள், தேய்த்துப் பாருங்கள். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டிலிருந்தும் டிஸ்க் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். கோடு விலகியிருந்தால் நட்டு சுற்றியிருக்கிறது, படிக்காத கிளீனர்கூடச் சொல்லிவிடுவார். கழுத்து வளைவின் அடிப்பக்கத்துக்கு வெளிர் சாம்பல் நிறம் அடித்து வைத்தால் விரிசல் தொடங்கும்போதே தெரியும். கறுப்புப் பெயிண்டில் அது பெரிதாகி வாய் பிளந்த பிறகுதான் தெரியும்.

இறுக்கி முடித்த கையோடு ஆக்சில்களை ஒருமுறை அளந்துவிடுங்கள். காலி வண்டியைச் சமமான தரையில் கொஞ்ச தூரம் நேராக முன்னால் இழுத்து, இழுத்த நிலையிலேயே நிறுத்துங்கள். கிங் பின்னிலிருந்து, அதாவது பிப்த் வீலில் பூட்டிக்கொள்ளும் டிரெய்லரின் ஊசியிலிருந்து, தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து முதல் ஆக்சிலின் இரண்டு முனைக்கும் உள்ள தூரம் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. முதல் ஆக்சிலிலிருந்து மற்ற இரண்டுக்கும் இடப்பக்கமும் வலப்பக்கமும் அளந்தால், வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இது கோணலாக இருந்தால் பன்னிரண்டு டயரும் ரோட்டைச் சுரண்டிக்கொண்டே போகும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். டயர்க்காரரிடம் போய்ப் பேசிப் பயனில்லை.

இனி லோடு. கிரானைட்தான் உங்கள் வண்டிக்குப் பெரிய சோதனை. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் பாரத்தைக் கூட்டியது. மூன்று ஆக்சிலுக்கு 24 டன்னாக இருந்தது 27 டன் ஆனது. ஆனால் அது ரோட்டுக்கான கணக்கு. உங்கள் ஆக்சிலின் தகட்டில் அதற்குக் குறைவாகப் போட்டிருந்தால் குறைவானதே உங்கள் எல்லை. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பது அனுமானமல்ல, பொறியியல் கணக்கு. பாரம் கால் பங்கு கூடினால் ரோலர் பேரிங்கின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. பற்றவைப்பு மூட்டும் அப்படித்தான், அதே கால் பங்குக்கு அதன் ஆயுளும் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும். பன்னிரண்டு வருஷம் கேட்கிறீர்கள். வழக்கமாகக் கால் பங்கு அதிகம் ஏற்றினால் ஆறு வருஷத்துக்கான வண்டிதான் உங்களிடம் இருக்கும். உங்கள் முந்தைய வண்டியின் எடைமேடைச் சீட்டுகள் இருந்தால் எடுத்துப் பாருங்கள், ஐந்து வருஷத்துக்கான பதில் அதிலேயே இருக்கலாம்.

மொத்த எடை சரியாக இருந்தாலும் பாரம் ஒரே இடத்தில் குவிந்தால் கெடுதிதான். 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம் உள்ள பிளாக் சுமார் 18 டன் வரும். உங்கள் 40 அடித் தளத்தில் கால் பங்கு இடத்தில் அத்தனை எடையும் உட்காருகிறது. அதை வெறுந்தளத்தில் வைக்க விடாதீர்கள். கனமான மரக்கட்டைகளை வண்டியின் நீளவாக்கில், இரண்டு பீமுக்கும் நேர் மேலே போட்டு, அதன்மேல் பிளாக்கை இறக்கச் சொல்லுங்கள். பாரம் பல குறுக்குச் சட்டங்களுக்குப் பிரிந்து பீமுக்கு நேராக இறங்கும். குவாரியில் கிரேன்காரர் கடைசி அரை அடியைப் பொத்தென்று விடுவதுண்டு. அந்த ஒரு இடி, நூறு கிலோமீட்டர் மேடுபள்ளத்துக்குச் சமம் என்றுகூடச் சொல்வேன். டிரைவர் அங்கே நின்று மெதுவாக இறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கும் உரிமையையும் நேரத்தையும் முதலாளி கொடுக்க வேண்டும்.

கண்டெய்னரில் இரண்டு விஷயம். ஒரே ஒரு 20 அடி கனமான கண்டெய்னர் வந்தால், அதன் மூலைகளைப் பிடிக்கும் லாக்குகளில் நடுவில் உள்ளவற்றில் வையுங்கள். இறக்கச் சுலபம் என்று கடைசியில் வைத்தால் டிரெய்லர் ஆக்சில்கள் மட்டும் சுமக்கும், முன்வண்டியின் பின்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறைந்துவிடும். அடுத்தது, யார்டுக்குள் இறக்கும்போது நாலு லாக்கும் திறந்திருக்கிறதா என்று ஒருவர் சுற்றிவந்து பார்க்காமல் கிரேனுக்குக் கை காட்டக் கூடாது. ஒரு லாக் மூடியிருந்தால் கண்டெய்னரோடு டிரெய்லரும் ஒரு மூலையில் மேலே தூக்கப்படும். முறுகிய சேஸிஸைப் பழையபடி நேராக்குவது நடக்காத காரியம்.

கிங் பின்னுக்கு கிரீஸ் மேல் கிரீஸ் பூசுவது போதாது. துறைமுகச் சாலையின் மணலும் நிலக்கரித் தூளும் கிரீஸில் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். பழைய கிரீஸை முழுதாகத் துடைத்தெடுத்துவிட்டுப் புதிது வையுங்கள். இரண்டு அங்குல கிங் பின் புதிதில் 50.8 மில்லிமீட்டர் இருக்கும். 49-க்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். அதைப் பற்றவைத்து நிரப்புவது உயிரோடு விளையாடுவது.

பிரேக்கைப் பற்றி நீளமாகச் சொல்லலாம், உங்கள் ரூட்டுக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து லோடோடு திரும்பும்போது தொப்பூர் கணவாய் இறக்கம் வருகிறது. அங்கே டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும், டிரெய்லர் ஹேண்ட் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே இறங்குவதும் நடக்கிறது. முதலாவது ஆட்களைக் கொல்லும், எத்தனையோ விபத்துகள் அந்த இறக்கத்தில் நடந்திருக்கின்றன. இரண்டாவது டிரெய்லரின் டிரம்மை வேகவைத்து வெடிக்கச் செய்யும், டிரம்மில் உரசிப் பிடிக்கும் லைனரைக் கண்ணாடிபோல் வழுக்கச் செய்யும், ஹப் கிரீஸை உருக்கிச் சீல் வழியே வெளியேற்றும். ஏறும் கியரிலேயே இறங்குங்கள் என்ற பழைய பாடம் இன்றைக்கும் சரிதான். இறங்கிச் சமதரைக்கு வந்ததும் ஆறு ஹப்பையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் போகிறது. ஹப்பில் கிரீஸை அடைத்து நிரப்பாதீர்கள், அதுவே சூட்டைக் கிளப்பும். ஒரு வகை கிரீஸோடு வேறு வகையைக் கலக்காதீர்கள். ஏர் டேங்கைத் தினமும் திறந்து தண்ணீரை விடுங்கள். கடலோரக் காற்றில் தண்ணீர் அதிகமாகவே சேரும், வால்வுகளை அதுதான் அரிக்கும்.

உப்பும் உரமும் ஏற்றும் வண்டிக்குத் துரு மேலிருந்து வருவதில்லை, இடுக்கிலிருந்து வருகிறது. தளத் தகட்டுக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் உப்புத் தூள் இறங்கி, ராத்திரி ஈரத்தில் கரைந்து, உள்ளுக்குள்ளேயே வேலை செய்யும். லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரில் அடியிலிருந்து மேலாகக் கழுவச் சொல்லுங்கள். "நாளைக்கு இன்னொரு உப்பு லோடு இருக்கே, சேர்த்துக் கழுவலாம்" என்பதை ஏற்காதீர்கள். பிரஷர் வாட்டரை ஹப் சீல், பிரேக் சேம்பர் பக்கம் நேராக அடிக்க வேண்டாம். பெயிண்ட் பெயர்ந்த இடத்தை அந்த வாரமே சுரண்டி, பிரைமர் வைத்து மூடுங்கள்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் டிரெய்லருக்கென்று தனி நோட்டு வேண்டும். முன்வண்டிக்கு சர்வீஸ் தேதி இருக்கிறது, விளக்கு எரிந்து எச்சரிக்கும். டிரெய்லருக்கு இன்ஜின் இல்லை, சத்தம் போடாது, முன்வண்டி மாறினால் டிரைவரும் மாறிவிடுவார். எனவே யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் ஓடும். நட்டு இறுக்கிய தேதி, யு போல்ட், லைனர் கனம், டயர் நம்பர், கிரீஸ் வைத்த நாள் எல்லாம் அந்த நோட்டில் ஏற வேண்டும். மாதம் ஒருமுறை அடியில் படுத்துப் பார்க்க ஒரே ஆளை நியமியுங்கள். மாற்றி மாற்றி அனுப்பினால் போன மாதம் இல்லாத கோடு இந்த மாதம் வந்திருப்பது யாருக்கும் தெரியாது.

சும்மா நிற்கும் வாரங்களைக் கேட்டிருந்தீர்கள். கழுவாமல் நிறுத்தாதீர்கள். முன்வண்டி இல்லாதபோது டிரெய்லரைத் தாங்கும் லேண்டிங் லெக்கை மணலில் ஊன்ற வேண்டாம், தூத்துக்குடி மண்ணில் ஒரு பக்கம் புதைந்து கால் வளைந்துவிடும். அகலமான பலகை போட்டு ஊன்றுங்கள். ஏர் குழாய்களின் சிவப்பு, மஞ்சள் முனைகளை மூடி போட்டு மாட்டிவையுங்கள், திறந்து கிடந்தால் மணல் போகும், குளவி கூடு கட்டும். டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுங்கள். டயரில் காற்றை முழு அளவிலேயே வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முன்வண்டியை மாட்டிச் சில அடி நகர்த்தினால் பேரிங் உருளைகளும் டயரும் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது. திரும்ப லோடுக்குக் கிளம்பும் நாளில் மட்டும் ஒரு கவனம். உப்புக்காற்றில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். காற்று ஏறி பிரேக் விட்டதும் மெதுவாக இழுக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் ஆள் நின்று எல்லாச் சக்கரமும் சுற்றுகிறதா என்று பார்க்கட்டும். சுற்றாமல் இழுபடுகிற சக்கரம் இருந்தால் அங்கேயே நிறுத்தி, டிரம்மைத் தட்டி விடுவித்த பிறகு வெளியே எடுங்கள்.